பெயர் சொல்லாத நகரம்

ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' காங்கோ ஆற்றின் கதை என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தக் குறுநாவலில் 'காங்கோ' என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது. பெல்ஜியம் கிடையாது, பிரஸ்ஸெல்ஸ் கிடையாது, மன்னர் பெயரோ கம்பெனி பெயரோ கிடையாது. மேலாளர் வெறும் மேலாளர், கணக்கர் வெறும் கணக்கர். கதை சொல்லும் மார்லோ, அவன் தேடிப்போகும் குர்ட்ஸ், மார்லோவுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்து கோழித் தகராறில் செத்துப்போன டென்மார்க்காரன் என்று பெயருள்ளவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வேலைக்குக் கையெழுத்துப் போடுகிற நகரம் மார்லோவுக்கு பைபிளில் வரும் வெள்ளையடித்த கல்லறையை நினைவூட்டுகிறது. அதன் பெயர் மட்டும் அவன் வாயில் வருவதில்லை.

இந்த நாவலின் தடம் பிடித்துப் போகிறவர்கள் வழக்கமாகக் காங்கோவின் மட்டாடிக்கோ கிசங்கானிக்கோ போவார்கள். நான் பிரஸ்ஸெல்ஸுக்குப் போனேன். கையிலிருந்த காசுக்கும் விசாவுக்கும் அவ்வளவு தூரம்தான் எட்டியது என்பது ஒரு காரணம். கதை கிளம்புவதும் வந்து சேர்வதும் அந்த ஊரில்தான் என்பது இன்னொன்று. கம்பெனி அலுவலகத்துக்குக் கான்ராட் ஒதுக்கியிருப்பது சில பக்கங்களே. கறுப்புக் கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு பெண்கள், சுவரில் வண்ணம் வண்ணமாக ஒரு வரைபடம், கைகுலுக்கி ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடும் பருத்த மனிதர், புறப்படுகிறவர்களின் மண்டையை அளந்து குறித்துக்கொள்ளும் டாக்டர். என்னைக் கேட்டால் நாவலிலேயே குலை நடுங்க வைக்கும் பக்கங்கள் அவைதான். அங்கே ஒருவர்கூடக் குரலை உயர்த்துவதில்லை.

ட்ரோன் மெட்ரோ நிலையத்திலிருந்து மேலே வந்தால் எதிரே குதிரைமேல் இரண்டாம் லியோபோல்டு. 1865 முதல் 1909 வரை பெல்ஜியத்தை ஆண்டவர். பெர்லின் மாநாட்டில் ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்ட கையோடு, 1885-ல் ஏறத்தாழ 23 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலத்தைத் தன் சொந்தச் சொத்தாக ஆக்கிக்கொண்டார். பெல்ஜியத்தைப் போல 76 மடங்கு. அந்தச் சொத்தில் அவர் ஒருநாளும் கால் வைக்கவில்லை. 1926-ல் நிறுவிய இந்தச் சிலைக்கு வேண்டிய செம்பையும் வெள்ளீயத்தையும் கட்டாங்கா சுரங்கக் கம்பெனி காங்கோவிலிருந்து இலவசமாகக் கொடுத்தது. அந்தத் தகவலை ஒரு தகட்டில் பெருமையாகப் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது யாராவது வந்து சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போகிறார்கள், நகராட்சி கழுவிவிடுகிறது.

அரண்மனைக்குப் பின்புறம் ஒட்டினாற்போல் ஓடும் ப்ரெடரோட் தெருவைத் தேடித்தான் வந்திருந்தேன். குறுகலான, சத்தமில்லாத தெரு. நடுவில் அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் நார்வே பாணியில் ஒரு மர வீடு. கான்ராடுக்கு வேலை கொடுத்த, மேல் காங்கோ வணிகத்துக்கான பெல்ஜியக் கம்பெனியின் அலுவலகம் இந்தத் தெருவின் 13-ம் எண்ணில்தான் இருந்தது. மன்னர் தன் கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் காங்கோ என்று வைத்துக்கொள்ளலாம். 1908-ல் உலகத்தின் வாய்க்குப் பயந்து காங்கோவை பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க வேண்டி வந்தபோது, இங்கே எட்டு நாள் உலை எரிந்தது. காங்கோ அரசின் ஆவணங்களையெல்லாம் போட்டுக் கொளுத்தினார்கள். ஒருவர் பெயர்களை எழுதாமல் விட்டார். இன்னொருவர் எழுதியதை எரித்தார். இந்த இரண்டு மறைப்புகளும் ஒன்றல்ல. ஆனால் கான்ராடின் மௌனத்தை இந்தத் தெருவில் நின்று யோசிக்கும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது.

கான்ராட் எழுத்தாளராக இங்கே வரவில்லை. வேலை தேடும் மாலுமியாக வந்தார். ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்த போலந்துக் குடும்பத்தில் 1857-ல் பிறந்தவர். தேசப்பற்றுக்காக நாடு கடத்தப்பட்ட பெற்றோரைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்துவிட்டு, மார்செய்ல்ஸ் போய்க் கப்பலேறியவர். ஆங்கிலம் அவர் வளர்ந்த பிறகு கற்ற மொழி. நம் கரைக்கும் ஒருமுறை வந்திருக்கிறார். 1884 ஏப்ரலில் 'ரிவர்ஸ்டேல்' கப்பலின் இரண்டாம் மேட்டாக மெட்ராஸில் இறங்கி, கேப்டனோடு சண்டை முற்றி வேலையை விட்டுவிட்டு, ரயிலேறி பம்பாய் போய் 'நார்சிஸஸ்' கப்பலில் சேர்ந்தார். மெட்ராஸுக்கு அவர் எழுத்தில் கிடைத்த இடம் மிகக் குறைவு. வருத்தப்பட ஒன்றுமில்லை, நல்ல விஷயத்துக்காக அவர் ஓர் ஊரை நினைவில் வைத்துக்கொள்வது அபூர்வம்.

1890-ல் வயது முப்பத்திரண்டு. பிரஸ்ஸெல்ஸில் இருந்த மார்கரித் போரடோவ்ஸ்கா என்ற நாவலாசிரியை, தூரத்துச் சொந்தம், அத்தை என்று கூப்பிடுகிற உறவு. அவர் சிபாரிசில்தான் ஆற்றுப் படகு ஓட்டும் வேலை கிடைத்தது. ஒப்பந்தம் மூன்று வருஷத்துக்கு. நேர்முகம் பார்த்தவர் ஆல்பர்ட் தீஸ், கம்பெனியின் மூளை. ஜூனில் மட்டாடியில் இறங்கிய கான்ராட், அருவிகள் படகுக்கு வழிவிடாத பகுதியைச் சுமைதூக்கிகளோடு நடந்தே கடந்து ஆகஸ்ட் தொடக்கத்தில் கின்ஷாசா சேர்ந்தார். சுமார் 370 கிலோமீட்டர். அவருக்கென்று சொன்ன படகு உடைந்து கிடந்தது. 'பெல்ஜியர்களின் அரசன்' என்று பெயர் சூட்டிய இன்னொரு படகில், வேறொரு கேப்டனுக்குக் கீழே, ஸ்டான்லி அருவி வரை போனார். அங்கே க்ளைன் என்ற தந்த வணிக முகவரை நோயாளியாக ஏற்றினார்கள். திரும்பும் வழியில் அவர் இறந்தார். நாவலின் கையெழுத்துப் பிரதியில் குர்ட்ஸின் பெயர் முதலில் க்ளைன் என்றே இருந்தது. மூன்று வருஷ ஒப்பந்தம் ஆறு மாதத்தில் வயிற்றுக்கடுப்போடும் காய்ச்சலோடும் முடிந்தது. அந்தக் காய்ச்சல் வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை.

மட்டாடியில் அவர் பார்த்தது ஒரு ரயில் பாதை தொடங்கும் நேரம். கழுத்தில் சங்கிலியோடு நடக்கும் ஆட்கள், வேலைக்கு ஆகாதவர்கள் சாவதற்கு ஒதுங்கும் மரநிழல், அதற்குப் பத்தடி தள்ளிக் கஞ்சி போட்ட காலரோடு உட்கார்ந்து பிசகில்லாமல் பேரேடு எழுதும் கணக்கர். நாவலில் இவை வரும் இடத்தில் கற்பனை குறைவு. 1898-ல் பாதை முடிந்தபோது இறந்தவர்கள் 1,800 ஆப்பிரிக்கர்கள், 132 ஐரோப்பியர்கள் என்று அதிகாரபூர்வக் கணக்கே சொல்கிறது. அந்தப் பாதையைப் போட்டவர் அதே தீஸ்.

தீஸை மறுநாள் நேரில் பார்த்தேன். சேங்கண்டனேர் பூங்காவில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. நாவலில் பெயர்கூட இல்லாமல் ஒரு நிமிடம் கைகுலுக்கிவிட்டுப் போகிறவர் இங்கே கல்லிலும் வெண்கலத்திலும் நிற்கிறார். பூங்காவின் வளைவு லியோபோல்டின் காங்கோப் பணத்தில் எழுந்தது, 1905-ல். கொஞ்சம் தள்ளிக் காங்கோ முன்னோடிகளுக்கு ஒரு நினைவுச் சுவர். அரபு அடிமை வியாபாரிகளை பெல்ஜிய வீரர்கள் ஒழித்துக்கட்டினார்கள் என்று அதில் ஒரு வாசகம். அதில் 'அரபு' என்ற சொல்லை மட்டும் சுரண்டி எடுப்பதும் திரும்ப வெட்டுவதுமாக ஒரு தகராறு நடந்திருக்கிறது. பக்கத்திலேயே பெரிய மசூதி. சுவரில் ஆப்பிரிக்கர்களும் இருக்கிறார்கள். பெயர் இல்லை.

மோண்ட்கோமரியில் சுரங்கத்திலிருந்து கிளம்பும் 44-ம் எண் டிராம், பிரஸ்ஸெல்ஸில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று என்று தாராளமாகச் சொல்வேன், அது இடமில்லை வண்டி என்றாலும். மன்னர் 1897 உலகக் கண்காட்சிக்காக வெட்டிய அகலமான சாலையோரமாக ஓடி, பணக்கார வீடுகளைத் தாண்டி, திடீரென்று சோவான் காட்டுக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் நெடுநெடுவென்று பீச் மரங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் நாய்களும் நானும். கடைசி நிறுத்தம் தெர்வூரன்.

அந்தக் கண்காட்சிக்காக லியோபோல்டு காங்கோவிலிருந்து 267 பேரைக் கப்பலில் வரவழைத்தார். தெர்வூரன் பூங்காவில் குடிசை போட்டு அவர்களை உட்காரவைத்து, வேடிக்கை பார்க்க மக்களை விட்டார்கள். தின்பண்டம் வீசுகிறவர்களைத் தடுக்க, இவர்களுக்குச் சாப்பாடு போட்டாயிற்று என்று ஓர் அறிவிப்புப் பலகை வேறு. அந்த வருஷக் கோடை குளிரும் மழையுமாக இருந்தது. ஏழு பேர் இறந்தார்கள். கான்ராட் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தது அடுத்த ஆண்டு டிசம்பரில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில். 'பிளாக்வுட்ஸ்' இதழில் 1899 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வந்தது.

நான் தேடி வந்த, இதே பூங்காவில் இருக்கும் காங்கோ அருங்காட்சியகத்தின் கட்டடம் 1910-ல் திறந்தது. பாரிஸின் பெத்தி பலே மாளிகையைக் கட்டிய ஷார்ல் ஜிரோதான் இதற்கும் கட்டடக் கலைஞர். 2013-ல் மூடி, ஐந்து ஆண்டு பழுது பார்த்து, 2018 டிசம்பரில் 'ஆப்பிரிக்கா மியூசியம்' என்று புதுப் பெயரில் திறந்தார்கள். கண்ணாடி மண்டபத்தில் டிக்கெட் வாங்கிப் படியிறங்கினால் நீளமான வெள்ளைத் தாழ்வாரம். அதில் இருபத்திரண்டரை மீட்டர் நீளத்துக்கு ஒற்றை மரத்தில் குடைந்த ஓடம். அடுத்த அறையில், இனிக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று முடிவு செய்த பழைய சிலைகளை நெருக்கி நிறுத்தியிருக்கிறார்கள். காட்டக் கூடாதவற்றைக் காட்டுகிற அறை. சிறுத்தைத் தோல் போர்த்தித் தூங்குகிறவன்மேல் பாயும் மனிதனின் சிலையும் அங்கே இருக்கிறது. டின்டின் படக்கதையில் பார்த்திருப்பீர்கள்.

மேலே பழைய வட்ட மண்டபத்தில் பொன்முலாம் பூசிய சிலைகள் மாடங்களில் நிற்கின்றன. பெல்ஜியம் காங்கோவுக்கு நாகரிகம் கொண்டுவருகிறது, நல்வாழ்வு கொண்டுவருகிறது, பாதுகாப்பு கொண்டுவருகிறது. கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் கழற்ற முடியாது. எனக்கு நாவலில் குர்ட்ஸ் வரைந்த எண்ணெய் ஓவியம் ஞாபகம் வந்தது: கையில் எரியும் பந்தம், கண்ணில் கட்டு, சுற்றிலும் இருட்டு, நடுவில் ஒரு பெண். இந்தச் சிலைகளுக்குக் கண்ணில் கட்டு ஒன்றுதான் குறை. தந்தத்துக்காக ஊர் ஊராகக் கொள்ளையடித்த மனிதன் இப்படி ஓர் ஓவியத்தையும், காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிப்பது பற்றிப் பதினேழு பக்க அறிக்கையையும் தீட்டுகிறான். அறிக்கையின் அடியில், பிற்பாடு நடுங்கும் கையில், எல்லோரையும் கொன்று தீர்க்கச் சொல்லி ஒரு வரி. மார்லோ அந்த வரியைக் கிழித்துவிட்டுத்தான் அறிக்கையைப் பிரசுரத்துக்குக் கொடுக்கிறான். குர்ட்ஸ் கெட்டுப்போனான் என்று பேசுகிறவர்கள் மார்லோவின் இந்தக் கிழிப்பைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

பொன் சிலைகளுக்கு நடுவே கின்ஷாசாவில் பிறந்த கலைஞர் எமே இம்பானேயின் மரச் சிற்பம், ஆப்பிரிக்கர் ஒருவரின் பிரம்மாண்டமான தலை. அது போதாது என்று பிறகு எதிரே இன்னொன்றையும் வைத்தார்: தலைவர் லுசிங்காவின் மண்டையோடு. தாங்கனிக்கா ஏரிப் பகுதியில் 1884-ல் எமில் ஸ்டோர்ம்ஸ் என்ற பெல்ஜியத் தளபதியின் ஆட்கள் லுசிங்காவின் தலையை வெட்டினார்கள். மண்டையோட்டை ஸ்டோர்ம்ஸ் பிரஸ்ஸெல்ஸுக்குக் கொண்டுவந்தார். நகரச் சதுக்கத்தில் இருந்த அவருடைய மார்பளவுச் சிலை 2022 வரை அங்கேயே இருந்தது, பிறகுதான் எடுத்தார்கள். ஸ்டான்லி அருவியில் அதிகாரியாக இருந்த லியோன் ரோம் தன் பூச்செடிகளைச் சுற்றி 21 தலைகளை அலங்காரமாக வைத்திருந்ததை ஒரு பயணி எழுதினார். ரோம் ஓவியமும் வரைவார், புத்தகமும் எழுதினார். குர்ட்ஸ் வீட்டு வேலிக் கம்புகளில் இருக்கும் தலைகளை உருவகம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். உருவகமெல்லாம் இல்லை.

ஒரு கூடத்தில் நின்றுவிட்டேன். 1876-க்கும் 1908-க்கும் இடையில் காங்கோவில் இறந்த பெல்ஜியர்கள் 1,508 பேரின் பெயர்கள் ஒரு சுவர் முழுக்க. அதே காலத்தில் அங்கே எத்தனை காங்கோ மக்கள் செத்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் முட்டிக்கொள்கிறார்கள். கோடி வரை சொல்கிறவர்கள் உண்டு. பெயர்ப் பட்டியல் கிடையாது. கின்ஷாசாவின் சிற்பி ஃப்ரெடி சிம்பா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பெல்ஜியத்தில் இறந்த காங்கோ மக்களின் பெயர்களை எதிர்ப்பக்க ஜன்னல் கண்ணாடிகளில் எழுதினார். வெயில் வந்தால் அந்த எழுத்துகளின் நிழல் 1,508 பெயர்கள்மேல் விழும். நான் போன அன்று மேகமூட்டம்.

இந்தச் சுவருக்கு எதிரே சினுவா அச்செபேயை நினைக்காமல் இருக்க முடியாது. 1975 பிப்ரவரியில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பேசிய பேச்சு கான்ராடின் மேல் விழுந்த பெரிய அடி. ஐரோப்பியன் ஒருவனின் மனம் சிதைவதைக் காட்ட ஆப்பிரிக்காவை வெறும் திரைச்சீலையாகக் கட்டிவிட்டார், அங்குள்ள மனிதர்களுக்குப் பேச்சையே மறுத்துவிட்டார், கான்ராட் இனவாதி. இதுதான் அச்செபேயின் வழக்கு. அதற்கு, 'அந்தக் காலம் அப்படி' என்று பதில் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. அதே காலத்தில் வேறு மாதிரிப் பார்த்தவர்கள் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கர் 1890 ஜூலையில், கான்ராட் போய்ச் சேர்வதற்குச் சில வாரம் முன்னால், அதே ஸ்டான்லி அருவியிலிருந்து லியோபோல்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மன்னரைப் பெயர் சொல்லி, குற்றங்களை வரிசைப்படுத்தி. மட்டாடியில் கான்ராடோடு பழகிய ரோஜர் கேஸ்மென்ட், பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்து 1904-ல் வெளியான அறிக்கையில் கை இழந்தவர்களின் வாக்குமூலங்களை அவர்கள் பேச்சாகவே பதிவு செய்தார். பேச்சு இருந்தது, கேட்கத்தான் கான்ராடுக்குக் காது இல்லை. மார்லோவின் படகில் வேலை செய்கிறவர்களுக்கு வாரக் கூலி மூன்று துண்டுப் பித்தளைக் கம்பி. அதை வைத்து எதை வாங்கித் தின்பது என்று கேட்டு அவர் கம்பெனியைக் கேலி செய்கிறார். அந்த வேலைக்காரர்களை அவர் கேட்பதில்லை. 1916-ல் தேசத்துரோக வழக்கில் கேஸ்மென்ட் தூக்குக்குப் போனபோது கருணை மனுவில் கையெழுத்துப் போடவும் மறுத்தவர் கான்ராட்.

இவ்வளவும் சொன்ன பிறகும் நான் அந்தக் குறுநாவலைத் தூக்கி எறிய மாட்டேன். ஆப்பிரிக்காவைப் பற்றித் தெரிந்துகொள்ள அதை வாசிக்க வேண்டாம். பிரஸ்ஸெல்ஸைப் பற்றி அதைவிடத் துல்லியமாக எழுதிய கதையை நான் வாசித்ததில்லை.

பூங்காவுக்கு வெளியே தெர்வூரன் ஊர்ச் சர்ச்சின் சுவரை ஒட்டி ஏழு கல்லறைகள், 1897-ல் இறந்தவர்கள். பெயரோடு. யாரோ வைத்த பூ வாடியிருந்தது.

பிரஸ்ஸெல்ஸிலிருந்து ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்தத் துறைமுகத்தில்தான் மோரல் என்ற இளம் கப்பல் கம்பெனிக் குமாஸ்தா ஒரு கணக்கைக் கவனித்தார். காங்கோவிலிருந்து கப்பல்கள் ரப்பரும் தந்தமுமாக நிரம்பி வருகின்றன. திரும்பிப் போகும்போது துப்பாக்கியும் தோட்டாவும். பண்டத்துக்குப் பண்டம் எதுவும் போகவில்லை என்றால் அங்கே நடப்பது வியாபாரம் இல்லை, அடிமை வேலை. ஆற்றைப் பார்க்காமலே, சரக்குப் பட்டியலை வைத்தே அவர் கண்டுபிடித்தார். 1888-ல் டன்லப் காற்றடித்த டயர் செய்த பிறகு ரப்பர் மேல் உலகத்துக்கு வெறி பிடித்திருந்தது. பெண்களைப் பிணையாகப் பிடித்து வைத்து ஆண்களைக் காட்டுக்கு விரட்டினார்கள். செலவழித்த தோட்டாவுக்குக் கணக்காகச் சிப்பாய்கள் வெட்டிய கைகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். 1890-ல் போன கான்ராட் கண்டது தந்தக் காலத்தை. இந்த ரப்பர் கொடுமை அதற்குப் பிறகு முற்றியது. மிஷனரி ஆலிஸ் ஹாரிஸ் 1904-ல் எடுத்த ஒரு படத்தில், இன்சாலா என்பவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தன் மகளின் வெட்டப்பட்ட கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆண்ட்வெர்ப் கடைகளிலோ கை வடிவத்தில் சாக்லேட் விற்கிறது. அது கையை வெட்டும் ஓர் அரக்கனின் பழங்கதையிலிருந்து வந்தது, காங்கோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வாங்க மனம் வரவில்லை.

நாவல் முடிவதும் பெயர் சொல்லாத அதே நகரத்தில். குர்ட்ஸுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் வரவேற்பறை, உயரமான ஜன்னல்கள், மூலையில் பெரிய பியானோ. அந்தக் காலத்துப் பியானோக் கட்டைகள் தந்தத்தால் ஆனவை. கான்ராட் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார், சொல்லத் தேவையுமில்லை. சாகும்போது குர்ட்ஸ் கடைசியாக என்ன சொன்னார் என்று அவள் கேட்கிறாள். உங்கள் பெயரைச் சொன்னார் என்று மார்லோ பொய் சொல்கிறான். அந்தப் பெயர் என்னவென்று நமக்குத் தெரியாது, கான்ராட் அவளுக்கும் வைக்கவில்லை. இரக்கப்பட்டுச் சொன்ன பொய் என்பார்கள். அறிக்கையின் வரியைக் கிழித்த கைதான் இந்தப் பொய்யையும் சொல்கிறது. ப்ரெடரோட் தெரு உலைக்கு இன்னும் பத்து வருஷம் இருந்தது.

ட்ரோன் சிலையிலிருந்து சற்று நடந்தால் மத்தோங்கே, கின்ஷாசாவின் ஒரு பேட்டையிடமிருந்து பெயரை வாங்கிக்கொண்ட காங்கோ மக்களின் பகுதி. முடி பின்னும் கடைகள், வாழைக்காய், கருவாடு, இலையில் சுற்றிய மரவள்ளிக் கட்டி, கட்டுக்கட்டாகக் கீரை. வாசலில் நாற்காலி போட்டு உரக்க அரட்டை. பகுதியின் முனையில் பாத்ரிஸ் லுமும்பா சதுக்கம். 1961-ல் கொல்லப்பட்டு, உடல் அமிலத்தில் கரைக்கப்பட்ட காங்கோப் பிரதமர். ஒரு பெல்ஜியப் போலீஸ் அதிகாரி ஒளித்து வைத்திருந்த ஒரு பல்லை 2022 ஜூனில்தான் குடும்பத்திடம் கொடுத்தார்கள். சதுக்கம் 2018-ல் வந்தது. சதுக்கம் என்பது பெரிய வார்த்தை. பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய திட்டு, ஒரு பெயர்ப் பலகை.

இந்த ஊரில் வாழும் காங்கோ எழுத்தாளர் இன் கோலி ஜான் போஃபான் 2014-ல் 'காங்கோ இங்க்' என்று ஒரு நாவல் எழுதினார். மழைக்காட்டுக் கிராமத்திலிருந்து இசூகாங்கா என்ற பிக்மி இளைஞன் உலகமயமாக்கலில் பணம் பண்ணக் கின்ஷாசாவுக்கு ஓடிவருகிறான். பெரிய கம்பெனிகள் கனிம வளத்துக்காக அடித்துக்கொள்ளும் ஒரு கணினி விளையாட்டில் அவன் கெட்டிக்காரன். டிராமில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் வாசித்துக்கொண்டு வந்தேன். தெருப் பிள்ளைகள், பாதிரிகள், சீன வியாபாரி, ஐ.நா. அதிகாரிகள் என்று அதில் கூட்டமோ கூட்டம். எல்லோருக்கும் பெயர் உண்டு, ஒருவரும் வாயை மூடுவதில்லை.